வன்முறைத் தடுப்பு: முதல் பேட்ச்

அடித்தவர் செலவிலேயே அடிதடித் தடுப்புப் பயிற்சி நடப்பதில் நிர்வாக மேலாளர் பரணிதரனுக்கு எந்த நெருடலும் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மாமல்லபுரம் தாண்டி நெம்மேலிப் பக்கம் கடலைப் பார்த்த ரிசார்ட், ஏ.சி. ஹால், மத்தியானம் வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு, எல்லாம் இலவசம். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நிற்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இப்படி வாரிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? ரிசார்ட் முதலாளி தாமோதரனுக்கு வந்தது. போன மாதம் அதே மருத்துவமனையின் எமர்ஜென்சியில் ஸ்டாஃப் நர்ஸ் ரெபேக்காளைக் கன்னத்தில் அறைந்த அதே தாமோதரன்.

"அண்ணனுக்கு மனசு உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. அதான் செய்யறார்" என்று பரணிதரன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தாமோதரனுக்கு எதுவும் உறுத்தவில்லை என்று அவருக்குத் தெரியும். ஹால் கேட்கப் போனபோது தாமோதரன் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கெழம கல்யாணம் எதுவும் புக்கிங் இல்ல. ஹாலு சும்மாதான் கீது. இட்டுகினு வா. பேனர்ல மட்டும் நம்ம படத்த கொஞ்சம் பெரிசா போட்டுரு."

போட்டாகிவிட்டது. பேனரில் தாமோதரன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். 'பணியிட வன்முறையைத் தடுப்போம்' என்ற வாசகம் அவருடைய முழங்கைக்கும் சட்டைப் பைக்கும் நடுவில் கிடைத்த சந்தில் ஒண்டியிருந்தது.

பரணிதரன் பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்து மேலே வந்தவர். தபால் வழியில் எம்.பி.ஏ. முடித்தவர். கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் அவரை அவர் மனைவியே பார்த்ததில்லை என்று மருத்துவமனையில் பேச்சு. மாமல்லபுரத்தில் அடுத்த மாதம் கிளை திறக்கப்போகிறார்கள். அதற்குத் தலைவராக, 'சென்டர் ஹெட்' என்ற பலகை போட்ட அறையில், தான் உட்காரவேண்டும் என்பது அவருடைய இப்போதைய ஒரே ஆசை. சேர்மனும் ஒத்துக்கொண்டிருந்தார், இரண்டு நிபந்தனைகளோடு. தரச்சான்று ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வன்முறைத் தடுப்புப் பயிற்சியை எல்லா ஊழியருக்கும் நடத்தி முடித்திருக்க வேண்டும். ரெபேக்காள் ஸ்டேஷனில் கொடுத்த புகார் காணாமல் போகவேண்டும். ஏனென்றால் கிளை வரப்போகும் கட்டடமும் தாமோதரனுடையதுதான். வீட்டுக்காரர் மேல் கேஸ் போட்டுக்கொண்டு யாராவது குடிபோவார்களா?

நடந்த சம்பவத்தையும் சொல்லிவிட வேண்டும். தாமோதரனின் தங்கை மகன் கடற்கரையில் பாட்டில் சில்லை மிதித்துவிட்டான். இரண்டு தையல் போடுமளவுக்குக் குதிகாலில் வெட்டு. உள்ளூர் கிளினிக்கில் காட்டினால் கௌரவமாக இருக்காது என்று செங்கல்பட்டு வரை காரில் கொண்டுவந்திருந்தார். ரெபேக்காள் அப்போது, பஸ் ஸ்டாண்டில் சுருண்டு விழுந்த ஒரு பெரியவரின் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அஞ்சு நிமிஷம் உக்காருங்க சார்" என்றாள். தாமோதரன் முதலில் அவள் பேரைக் கேட்டார். பிறகு ஊரைக் கேட்டார். பிறகு ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். தெரு தெரிந்த பிறகு அவருக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அறைந்தார். அவள் டிரிப் ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தாள். மைக்கில் யாரோ 'கோடு வயலட், எமர்ஜென்சி' என்று விதிப்படி அறிவித்தார்கள். வயலட் என்றால் வன்முறை என்று ஒருவருக்கும் சொல்லித் தரப்படவில்லையாதலால், தரையில் ஏதோ கொட்டிவிட்டது என்று நினைத்து ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருத்தி மாப்போடு ஓடிவந்தாள். அவள் ஒருத்திதான் வந்தாள். காவலாளி அப்பாசாமி வாசலில் தாமோதரனின் காருக்கு நிழல் பார்த்து இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பெரியவரின் உயிர் அதற்குள் போய்விட்டது.

'பணியாளருக்கும் நோயாளியின் உறவினருக்கும் இடையே தகவல் பரிமாற்ற இடைவெளி' என்று பரணிதரன் மேலிடத்துக்கு எழுதினார். தெரு விஷயத்தை விட்டுவிட்டார். அது மருத்துவம் சம்பந்தப்பட்டதல்ல.

ஞாயிறு காலை வேன் திருக்கழுக்குன்றம் வழியாகக் கிளம்பியது. பயிற்சி நாளே வார விடுமுறையாகவும் கணக்கில் வரும் என்று நோட்டீஸ் போட்டிருந்ததால் யாருக்கும் பேச வாயில்லை. இரவு டியூட்டி முடித்து அப்படியே ஏறிய நர்ஸுகள் ஜன்னல் கம்பியில் தலை முட்டத் தூங்கிக்கொண்டு வந்தார்கள். பரணிதரன் ரெபேக்காளின் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"சிஸ்டர், நான் சொல்றதை பாசிட்டிவா எடுத்துக்கணும்."

"சார், இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. அந்தக் காது இன்னும் சரியா கேக்கல."

பரணிதரன் பெருந்தன்மையோடு எழுந்து இடம் மாறிக்கொண்டார். "அந்தப் புகார். அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

"நானா வெச்சிகினு கீறேன்? ஸ்டேஷன்ல கீது."

"வாபஸ் வாங்கிட்டீங்கன்னா புது பிராஞ்ச்ல நர்ஸிங் இன்சார்ஜ் போஸ்டுக்கு உங்க பேரை நானே சொல்றேன்."

"அந்தக் கட்டடத்துக்கு ஓனரு தெனமும் வருவாரா சார்?"

"வராம இருப்பாரா? பழகிப் பாருங்க. உள்ள தங்கமான மனுஷன்."

"வெளியதான் கை கொஞ்சம் நீளம்" என்றாள் பின்சீட்டிலிருந்து ரூத். எமர்ஜென்சியில் ரெபேக்காளுக்கு ஜூனியர். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

பரணிதரன் அதைக் கேட்காதவராக ஜன்னல் பக்கம் பார்த்தார். ரெபேக்காள் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார். அடிச்சேன்னு அவரு வாயால வரணும். ஆமா, எங்க நர்ஸை அடிச்சாருன்னு நம்ம ஆஸ்பத்திரி சொல்லணும். மீதிய ஸ்டேஷன்ல பாத்துக்குவாங்க. இன்னி வரைக்கும் நம்ம பக்கத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கலியே."

"அப்படியெல்லாம் நெகட்டிவா போகக்கூடாது சிஸ்டர். இன்னிக்கு ட்ரெய்னிங்கை மட்டும் கவனிங்க. நீங்களே மனசு மாறிடுவீங்க."

ரிசார்ட்டில் முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏ.சி. காற்று இரண்டு முறை அணைத்தது, தாமோதரன் மூன்றாவது முறையும் ஏற்றினார். போடியத்தில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் சென்னை வீட்டு ஊஞ்சலில் ஆடியபடி சேர்மன் வீடியோ காலில் வந்திருந்தார். அவர் முகம் திரைக்குள் வருவதும் போவதுமாக இருந்தது. அடுத்து பொன்னாடை. போர்த்துவது பரணிதரன், தட்டை ஏந்துவது ரெபேக்காள் என்று நிகழ்ச்சி நிரலில் அவரே எழுதியிருந்தார். நல்லிணக்கம் என்றால் ஒரு போட்டோவாவது இருக்கவேண்டாமா? ரெபேக்காள் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நடுங்கவே இல்லை. அதில் பரணிதரனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"நல்லா கீறியா?" என்று தாமோதரன் அவளைக் கேட்டார், ரொம்ப நாள் பழகினவர் மாதிரி.

"இருக்கேன் சார்" என்றாள்.

பயிற்சியாளர் ஸ்ரீனிவாசராகவன் மைக்கைக் கையில் எடுத்தார். முன்பு வங்கிக் கிளார்க்குகளுக்குப் புன்னகை செய்யச் சொல்லிக்கொடுத்தவர். வங்கிகளில் ஆட்கள் குறைந்து மெஷின்கள் வந்த பிறகு மருத்துவமனைகள் பக்கம் திரும்பியிருந்தார். நெற்றியில் மெல்லிய திருமண், காலில் ஓட்டப்பந்தய ஷூ.

"வன்முறைங்கறது எங்கேர்ந்து வரது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் கொடுக்காமல், "நம்மகிட்டேர்ந்துதான் வரது" என்றார். "நாம அன்பா, சரியா பேசியிருந்தா எதிராளிக்குக் கையே எழுந்திருக்காது. வெளிநாட்டுல நிரூபிச்சிருக்கா. அதைத் தமிழுக்கு ஏத்த மாதிரி நான் அஞ்சு 'ப'வா மாத்தியிருக்கேன். பார், பணி, பிரதிபலி, பொறு, பிரி."

திரையில் ஐந்து 'ப'க்களும் ஒவ்வொன்றாக உருண்டு வந்து நின்றன. இதில் மூன்றாவது 'ப' தான் உயிர்நாடி என்றார். எதிராளி சொல்வதில் கடைசி இரண்டு மூன்று வார்த்தைகளை அப்படியே, அதே தொனியில், சாந்தமாகத் திருப்பிச் சொல்லவேண்டும். "கோபம் கண்ணாடியில பட்ட வெளிச்சம் மாதிரி திரும்பிப் போயிடும். அவருக்கு, அட, இவா நம்மளைப் புரிஞ்சிண்டாளேன்னு ஒரு நிம்மதி வந்துடும்."

செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு வேறு பெயர் உண்டு. பழிப்புக் காட்டுவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அழவைக்கச் செய்வது. பெரியவர்கள் செய்தால் அடிதடியாகி அன்று சந்தையில் கடை சீக்கிரம் மூடும். ஹாலில் இருந்த அறுபது பேருக்கும் இது தெரியும். பரணிதரனுக்கும் தெரியும். ஆனால் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரைபடம் இருந்ததால் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"இப்போ ஒரு உண்மைச் சம்பவம் எடுத்துப்போம்" என்று ஸ்ரீனிவாசராகவன் ரெபேக்காளை எழுந்து நிற்கச் சொன்னார். பெயர், ஊர் எதுவும் குறிப்பிடாமல் 'ஒரு செவிலியர் சகோதரி', 'ஒரு பெரிய மனுஷர்' என்று அவர் ரகசியம் காத்தார். செவிலியர் நின்றுகொண்டிருந்தாள், பெரிய மனுஷர் முதல் வரிசை சோபாவில் முந்திரி தின்றுகொண்டிருந்தார். "சொல்லுங்கோ. சகோதரி எந்த 'ப'வைத் தவறவிட்டா?"

"பார்" என்றார் அப்பாசாமி, முதல் ஆளாக. "நிமிந்து பாக்கலீங்க."

"சபாஷ். அப்புறம்?"

"பணி" என்றது பார்மசிப் பக்கம்.

"பிரதிபலி" என்றது லேப்.

ரூத் கையைத் தூக்கினாள். "சார், ஒரு ஆளு நெஞ்ச அமுக்கிகினு இருக்கும்போது எந்த 'ப' வரும்?"

"ரெண்டையும் சேர்த்துப் பண்ணப் பழகணும்மா" என்றார் ஸ்ரீனிவாசராகவன், வருத்தம் கலந்த புன்னகையோடு. "பயிற்சிங்கறது அதுக்குத்தானே." எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ரெபேக்காளை உட்காரச் சொல்ல அவர் மறந்துவிட்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து நடித்துக்காட்டும் பகுதி. கோபக்கார உறவினராக நடிக்க ஆள் கேட்டார். ஒருவரும் எழவில்லை. மேலாளர் எதிரில் கத்தினால் அடுத்த மாத டியூட்டி எப்படி வரும் என்று எல்லோருக்கும் கணக்கு உண்டு. ஸ்ரீனிவாசராகவனின் பார்வை சோபாவில் போய் நின்றது. "நம்ம சிறப்பு விருந்தினரே நடிச்சா எப்படி இருக்கும்?"

கைதட்டல். பரணிதரனுக்கு அப்போது பொறி தட்டியது. நர்ஸாக நானே நடிக்கிறேன் என்று மேடை ஏறிவிட்டார். அண்ணன் கோபப்படுவது போலக் கோபப்படுவார், தான் ஐந்து 'ப'வும் போட்டு அமர்த்துவார், சபை சிரிக்கும், ரெபேக்காளும் சிரித்துத்தான் ஆகவேண்டும், சேர்மன் பார்ப்பார். வேன் திரும்பும்போதே வாபஸ் பேச்சு முடிந்துவிடும்.

தாமோதரன் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஏறினார். "பொய்யா கோவப்பட எனக்கு வராதே சாமி."

"உங்க பேஷன்ட்டைக் கவனிக்கல. காத்துண்டிருக்கேள். அவ்வளவுதான், மீதி தானா வரும்" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

தாமோதரன் பரணிதரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "இன்னாபா, எவ்ளோ நேரமா நின்னுகினு கீறோம்?"

பரணிதரன் முதல் 'ப'வுக்குப் பார்த்தார். இரண்டாவதுக்கு லேசாகக் குனிந்தார். "நின்னுகினு கீறீங்க" என்றார், அதே தொனியில், சாந்தமாக.

சபையில் ஒரு சிரிப்பு ஓடியது. தாமோதரனும் சிரித்தார். "பையன் கால்ல ரத்தம் கொட்டிகினு கீது."

"ரத்தம் கொட்டிகினு கீது."

தூங்கிக்கொண்டிருந்த இரவு டியூட்டிக்காரிகள் விழித்துக்கொண்டார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போனது. தாமோதரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னாத்துக்கு நான் சொன்னதையே சொல்ற?"

"நீங்க சொன்னதையே சொல்றேன்."

"அருமை, அப்படியே போங்கோ" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"மேனேஜரு, வோணாம்."

"வேணாம்" என்றார் பரணிதரன் கனிவாக. சேர்மனின் முகம் திரைக்குள் வந்து ஆடாமல் நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தார். உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"யாருன்னு நெனச்சே என்ன?"

"யாருன்னு நெனச்சேன் உங்கள."

அறை விழுந்த சத்தம் மைக்கில் ஏறி ஹாலின் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் கேட்டது. பரணிதரனின் கண்ணாடி பறந்து குத்துவிளக்கின் எண்ணெயில் விழுந்தது. அவர் போடியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது காதில் யாரோ குக்கரை ஏற்றிவைத்தது போல ஒரு விசில்.

தாமோதரனே தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்ரீனிவாசராகவன் வாயைத் திறந்தார். கோட்பாடு பொய்யா, அடி பொய்யா, இரண்டில் ஒன்றைத்தான் அவர் சொல்லமுடியும்.

"பிரமாதமான நடிப்பு" என்றார்.

அப்பாசாமி கைதட்ட ஆரம்பித்தார். காவலாளிக்கு எப்போது என்ன செய்யவேண்டும் என்பது அந்த ஒரு முறை சரியாகத் தெரிந்திருந்தது. சபை முழுக்கத் தட்டியது. செல்போனுக்குள்ளிருந்து சேர்மனின் குரல் வந்தது. "வெரி ரியலிஸ்டிக். பரணி, வெரி குட்."

பரணிதரன் சிரித்தார். சிரிப்பு வலது பக்கம் மட்டும் வந்தது.

தாமோதரனுக்கும் உயிர் வந்துவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டார். "நடிப்புதான், நடிப்புதான். ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். அன்னிக்கும் இந்தப் பொண்ண நான் இவ்ளோதான் தட்டினேன். இதுல பாதிகூட இல்ல. அதுக்கு ஸ்டேஷனு, கேஸுன்னு ஒரே பேஜாரு. இப்ப பாருங்க, மேனேஜரு சிரிச்சிகினு நிக்கறாரு. அதான் படிச்சவரு."

அறுபது பேர் கேட்டார்கள். நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். ரெபேக்காள் வலது காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அவள் தாமோதரனைப் பார்க்கவில்லை, பரணிதரனைத்தான் பார்த்தாள். அடுத்து அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. பரணிதரன் எண்ணெயிலிருந்து கண்ணாடியை எடுத்து டையில் துடைக்க ஆரம்பித்தார்.

"இப்போ அலசுவோம்" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "நர்ஸ் எங்கே தவறினார்?"

காலையிலிருந்து ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவந்த கூட்டம் அப்போதுதான் உண்மையாகவே பயிற்சியில் பங்கெடுத்தது.

"பணிவு பத்தல சார்."

"மொகத்துல ஒரு நக்கலு இருந்திச்சு."

"பார்வை வேற எங்கியோ இருந்துது சார், போன் பக்கம்."

"பொறுமையே இல்ல சார். பேஷன்ட்டோட ஆளு பாவம், அவரு எவ்ளோ நேரம்தான் தாங்குவாரு?" என்றாள் ரூத். முகம் அவ்வளவு சீரியஸாக இருந்தது.

எல்லாவற்றையும் ஸ்ரீனிவாசராகவன் பலகையில் எழுதினார். பலகை நிறைந்துவிட்டது. பரணிதரன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டவேண்டியிருந்தது. இந்த ஆட்கள் தன்னிடம் எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார்கள், ஒரு மீட்டிங்கிலாவது இப்படிக் கருத்துச் சொன்னதுண்டா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

போட்டோகிராபர் முன்னால் வந்தான். "சார், கரெக்டா அந்த டைம்ல லென்ஸ் மாத்திகினு இருந்தேன். அது மட்டும் மிஸ் ஆயிடுச்சு."

"ஐயோ, அது வேணுமே" என்றார் சேர்மன் ஊஞ்சலிலிருந்து. "இன்ஸ்பெக்‌ஷன் டீமுக்கு அதைத்தானே காட்டணும். பரணி, ஒன்ஸ் மோர்."

"சும்மா கையை வெச்சாப் போதும் அண்ணே" என்றார் பரணிதரன் மெல்ல.

"சும்மா வெச்சா ஜோடன மாதிரி தெரியும் நைனா" என்றார் தாமோதரன். அவருக்கு இப்போது வேலையில் ஒரு பிடிப்பு வந்திருந்தது. "தம்பி, ரெடியா?"

"அந்தப் பக்கம் லைட்டு இல்ல சார். இந்தக் கன்னத்தக் காட்டுங்க."

பரணிதரன் காட்டினார். படம் நன்றாக வந்திருந்தது. தாமோதரன் கேமராவை வாங்கிப் பார்த்து, தன் தலைமுடி கலைந்திருப்பதாகச் சொல்லி இன்னொன்றும் எடுக்கச் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் பரணிதரன் கைகழுவும் இடத்தில் தனியாக நின்றார். டம்ளரில் வாங்கிய ஐஸ் கட்டிகளை நாப்கினில் சுற்றி இடது பக்கமும் வலது பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். ரெபேக்காள் கை கழுவ வந்தாள். கழுவிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"திரும்புங்க சார், பாக்கறேன்." தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். வார்டில் பேஷன்ட்டைத் திருப்புவது போலத்தான். "கொய்ங்குனு கேக்குதா?"

"லைட்டா."

"ரெண்டு நாள் கழிச்சும் கேட்டா ஈ.என்.டி. கிட்ட காட்டிடுங்க. நான் காட்டாம வுட்டுட்டேன்."

"அது ஆக்டிங்ம்மா."

"தெரியும் சார்."

பரணிதரன் ஐஸைக் கீழே வைத்தார். இதுதான் சமயம் என்று அவருக்குப் பட்டது. வாங்கிய அடியையும் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர்தான் நிர்வாகி. "இப்போ பாத்தீங்கல்ல சிஸ்டர்? எனக்கும்தான் விழுந்தது. நான் பெரிசு பண்ணேனா? ஒரு ஸ்மைல். முடிஞ்சுபோச்சு. இதே ஸ்பிரிட்ல நீங்களும்..."

"ஒண்ணு சொல்லட்டா சார்?"

"சொல்லுங்க."

"நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க. அறுபது பேரு பாத்தாங்க. அவரே மைக்குல வேற சொல்லிட்டாரு, என்னையும் தட்டினேன்னு. ரூத்து போன்ல கீது. ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன், உங்களுக்கு சாட்சி சொல்றேன். நீங்க எனக்கு சொல்லுங்க."

வெளியே கடல் நன்றாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பரணிதரனுக்கு ஒரு காதில் மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவர் அதை நினைத்துப் பார்த்தார் என்றுதான் சொல்லவேண்டும். அடித்தவன் அடித்தான் என்று சொல்வது எவ்வளவு சுலபமான வாக்கியம். பிறகு அந்த 'சென்டர் ஹெட்' அறைக் கதவு ஞாபகம் வந்தது. பித்தளைப் பலகைக்கு ஆர்டர்கூடக் கொடுத்தாகிவிட்டது.

"ஆக்டிங்ம்மா அது" என்றார். "அதை எப்படி நான் கம்ப்ளெய்ன்ட்டா குடுக்க முடியும்?"

ரெபேக்காள் கையை உதறி ஈரத்தைப் போக்கினாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று அந்த இடத்திலேயே முடிந்தது. பிறகு வேறொன்று ஆரம்பித்தது. அதைப் பரணிதரன் கவனிக்கவில்லை.

"சரி சார். வாபஸ் வாங்கிக்கறேன்."

"உண்மையாவா?"

"உண்மையாத்தான். எல்லா பேட்சும் முடியட்டும், மறுநாளே போயி எழுதிக் குடுத்துடறேன். இன்னும் நாலு பேட்சு பாக்கி கீதில்ல?"

"அது எதுக்கு சிஸ்டர், நாளைக்கே..."

"இல்ல சார். நான் இன்னும் சரியா கத்துக்கல. எந்த 'ப'வ வுட்டேன்னு நல்லா மனசுல ஏறணும். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வர்றேன். லீவு வோணாம்."

"அடுத்த பேட்ச்ல அந்த ஆக்டிங் செஷன் இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"சேர்மன் சாரு இப்பதான் சொன்னாரு, உங்க காதுல வுழலியா? எல்லா பேட்ச்லயும் அது இருக்கணுமாம். ஆளுங்களும் அதே ஆளுங்களாம். அவரு சாப்பிட்டுகினே ஒத்துகினாரு." பந்திப் பக்கம் தாடையால் காட்டினாள். தாமோதரன் வஞ்சிரத்தின் நடுமுள்ளை உருவிக்கொண்டிருந்தார். "நீங்க நடிக்காம வேற ஆள நடிக்க வுட்டீங்கன்னா எனக்கு சரியா புரியாது சார். அப்புறம் புகாரு அப்பிடியே கெடக்கும்."

பரணிதரன் அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. முறைப்படி பணிவாக நின்றாள்.

"சாப்பிடப் போங்க சார். மீன் ஆறிடும்" என்றாள்.

அந்த வாரத்திலேயே வீக்கம் வடிந்தது. சேர்மனே கூப்பிட்டு, பயிற்சி போட்டோவைப் புதுக் கிளையின் வரவேற்பறையில் மாட்டலாமா என்று கேட்டார். ஸ்ரீனிவாசராகவன் தன் விளம்பர அட்டையின் முகப்பில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். இரண்டுக்கும் பரணிதரன் சரி என்றார். காதில் விசில் மட்டும் நிற்கவில்லை. ஈ.என்.டி. டாக்டர் அதே மருத்துவமனையில்தான் இருந்தார். என்ன ஆச்சு என்று கேட்பார் என்பதால் பரணிதரன் அந்தத் தளத்துக்கே போகவில்லை.

இரண்டாவது ஞாயிறு. வேறு அறுபது பேர், அதே பேனர். ரெபேக்காள் முதல் வரிசையில், தாமோதரனின் சோபாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நடித்துக்காட்டும் பகுதி வந்ததும் தாமோதரன் கூப்பிடாமலே எழுந்தார். இந்த முறை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பரணிதரன் ஒரு முடிவோடுதான் மேடை ஏறினார். திருப்பிச் சொல்லப்போவதில்லை. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்.

"இன்னாபா, எவ்ளோ நேரமா நின்னுகினு கீறோம்?" என்றார் தாமோதரன்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே, இதோ டாக்டர் வந்துடுவார்."

"நிறுத்துங்கோ" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "மூணாவது 'ப' எங்கே சார்? பேட்ச் புதுசு, தப்பாக் கத்துண்டுடுவா."

செல்போனுக்குள் ஊஞ்சல் நின்றது. "பரணி, ப்ராப்பரா பண்ணுங்க" என்றார் சேர்மன்.

ரெபேக்காள் எழுந்து மேடையோரம் வந்து கையை நீட்டினாள். "கண்ணாடியக் குடுங்க சார். ஒடஞ்சிடும்."

கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் அறுபது முகங்களும் ஒரே முகமாக, ரொம்ப அக்கறையோடு அவரைக் கவனிக்கும் ஒரே முகமாகத் தெரிந்தன. தாமோதரன் முதலிலிருந்து தொடங்கினார். பரணிதரன் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னார். நின்னுகினு கீறீங்க. ரத்தம் கொட்டிகினு கீது. சொன்னதையே சொல்றேன். வேணாம். சபையில் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. தாமோதரனின் கழுத்து நரம்பு போன வாரம் போலவே புடைத்தது. கோபம் பொய்யாக வராது என்று அவர் சொன்னது சத்தியம்.

"யாருன்னு நெனச்சே என்ன?"

பரணிதரன் பார்த்தார். குனிந்தார். வெளிச்சம் இருக்கும் பக்கமாகக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு, அதே தொனியில், சாந்தமாகச் சொன்னார்:

"யாருன்னு நெனச்சேன் உங்கள."